மூன்று குருவித் தோரணம்

அத்தியாயம் 9

ஜெயரூபனுக்குப் பரிசு கிடைத்த சந்தோஷம் ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை.

சண்டிலிப்பாய் நடராசாவின் மகன் கமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்தில் ஊர் அவனைப் பார்த்த பார்வை வேறு. போன ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணம் டவுனில் நடந்த குறும்பட விழாவில் அவனுடைய ‘சாயுற வெயில்’ முதற்பரிசு வாங்கிய பிறகு பார்த்த பார்வை வேறு. கொழும்பிலிருந்து நடுவராக வந்திருந்த விரிவுரையாளர் சயந்தன் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “கலியாண வீட்டுப் படலையில் செத்தவீட்டுத் தோரணத்தைக் கட்டி, ஒரு வசனமும் இல்லாமல் அந்தப் பெண்ணின் மனதைச் சொல்லியிருக்கிறார். அந்தத் துணிச்சலுக்குத்தான் இந்தப் பரிசு” என்றார். மண்டபம் கைதட்டியது.

“திட்டமிட்டுத்தானே செய்தனீங்கள், தம்பி?” என்று அவர் கேட்டபோது ஜெயரூபன் ஒரு கணம் விழித்தான். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. “ஓம் சேர், திட்டமிட்டுத்தான்” என்றான்.

அந்த ஓமில் ஒரு சொட்டு உண்மை இல்லை. குருத்தோலைத் தோரணத்தில் இரண்டு வகை இருக்கிறது என்பதே அவனுக்கு அந்த மேடையில்தான் தெரியும். நல்ல காரியத்துக்கு ஓலையில் நாலு குருவி மடித்து, தலை மேலே பார்க்கக் கட்டுவார்கள். செத்தவீட்டுக்கு மூன்று குருவி, தலை கீழே. மூன்று வருடமாக உலகப் படங்களைப் பார்த்து, எந்த நாட்டு இயக்குநர் எந்தக் கதவை ஏன் பாதி திறந்து வைத்தார் என்றெல்லாம் பேசத் தெரிந்த பிள்ளைக்குத் தன் வீட்டு வாசல் படலையில் தொங்கியது என்னவென்று தெரியவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் படத்தில் மணப்பெண்ணாக நடித்தது அவனுடைய தங்கச்சி கீர்த்திகா. அவளுக்கும் புத்தூர் பார்த்தீபனுக்கும் ஆவணியில் கலியாணம். படத்தையும் மேடைப் பேச்சையும் யாரோ போனில் எடுத்துப் பேஸ்புக்கில் போட, அது சுற்றிச் சுற்றி புத்தூருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

சனிக்கிழமை பொழுதுபட பார்த்தீபனின் தாய் யோகமலர் போன் எடுத்தாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் ஜெயரூபனின் தாய் சிவக்கொழுந்தைப் பயமுறுத்தியது.

“நாளைக்குப் பின்னேரம் வாறம் அக்கா. கொஞ்சம் கதைக்க வேணும்.”

*

ஞாயிற்றுக்கிழமை காலை, கத்தரிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்த நடராசா, காலில் சேற்றோடு மகனின் லப்டொப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“போடு பாப்பம். ஊரெல்லாம் பாத்திட்டுது. நான் இன்னும் பாக்கேல்லை.”

சிவக்கொழுந்தும் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். படம் ஓடியது. ஒரு கலியாண வீடு. மணப்பெண் உடுத்து வெளிக்கிட்டு இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள் என்று வீடு காத்திருக்கிறது. வெயில் மெல்லச் சாய்கிறது. கடைசியில் அவள் எழும்பிப் போய்ப் படலையைத் திறந்துகொண்டு தெருவில் நிற்கிறாள். அவ்வளவுதான். அவள் அழக்கூடாது என்று சிவக்கொழுந்து முன்பே சொல்லியிருந்தாள், கலியாணம் பேசின பெட்டை அழுதால் கூடாது என்று. மகன் அந்த வாக்கை மட்டும் காப்பாற்றியிருந்தான்.

“நிப்பாட்டு,” என்றார் நடராசா. “உந்தக் கிணத்திலை ஏன் வாளி இல்லாமல் கயிறு மட்டும் தொங்குது?”

“வாளி ஓட்டை, அப்பா. கழட்டி வைச்சிருந்தது.”

“பாக்கிறவனுக்கு உந்தப் பெட்டை கிணத்துக்குள்ளை விழப்போறாள் எண்டெல்லோ படும்.”

“அது சும்மா இருந்த கயிறு.”

படம் மறுபடி ஓடியது. இப்போது தாய் கையை உயர்த்தினாள்.

“குத்துவிளக்கு ஏன் நூந்தது?”

“காத்து, அம்மா. திருப்பி எடுக்கிறதுக்குள்ளை வெளிச்சம் போயிட்டுது.”

“மதிலிலை காகம்?”

“அது தானாய் வந்து இருந்தது. நான் கூப்பிடேல்லை.”

நடராசாவுக்குத் தலை சுற்றியது. “அப்ப இதுக்குள்ளை நீ என்னத்தைத்தான் வேணுமெண்டு செய்தனீ?”

ஜெயரூபனுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. இதைக் கேட்பார்கள் என்றுதானே அவன் இவ்வளவு காலமும் காத்திருந்தான்.

“அந்தச் சிவப்புக் குடை. அது அவளின்ரை விடுதலை. முதல்லை உள்ளுக்கை சாத்தி இருக்கும், பிறகு விறாந்தையிலை, கடைசியிலை படலைக்குப் பக்கத்திலை. மெல்ல மெல்ல வெளியிலை வருது.”

தாயும் தகப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எந்தக் குடை?” என்றார் நடராசா.

“நான் கண்டனான்,” என்றாள் சிவக்கொழுந்து, மகன் பாவம் என்று. “மழை வரும் எண்டு வைச்சிருக்கிறாளாக்கும் எண்டு நினைச்சன்.”

அந்தக் குடைக்காக அவன் மூன்று கடை ஏறி இறங்கியிருந்தான். அதைச் சொல்லி இனி என்ன பயன்?

படலை வந்தது. யாரும் சொல்லாமலே ஜெயரூபன் படத்தை நிறுத்தினான். பின்னேர வெயில் குருத்தோலையில் பட்டுப் பளபளத்தது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. சிவக்கொழுந்து கிட்ட வந்து, விரலை நீட்டி ஒவ்வொன்றாகத் தொட்டாள். மூன்று. தலை கீழே.

“முருகா,” என்றாள் மெதுவாக. பிறகு இன்னொன்றைக் கண்டாள். “இது புத்தூராக்கள் நிச்சயதார்த்தத்துக்குத் தந்த சீலை எல்லோ? இதை ஏன் படத்துக்குக் கட்டினவள்?”

“அவள்தான் எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தவள். எனக்கும் வாடகைக்கு எடுக்கிற செலவு மிச்சம்.”

“தோரணம் ஆர் கட்டினது?”

“அவள்தான். கலியாண வீடு மாதிரி ஏதாவது கட்டு எண்டு சொல்லிப்போட்டு நான் கமராவோடை நிண்டனான்.”

“அவளுக்கு என்ன தெரியும், பாவம்,” என்று நடராசா எழும்பினார். “இந்தக் காலத்துப் பிள்ளையள் எல்லாம் கடையிலை வாங்கிற பிளாஸ்ரிக் தோரணம்தானே கண்டதுகள். பின்னேரம் அவையள் வந்தா, தெரியாமல் நடந்தது எண்டு சொல்லு. கதை முடிஞ்சுது.”

“மேடையிலை திட்டமிட்டு எண்டு சொல்லிப்போட்டன், அப்பா.”

“மேடையிலை சொன்னது மேடையோடை. இது உன்ரை தங்கச்சியின்ரை வாழ்க்கை.”

சிவக்கொழுந்தின் பார்வை தற்செயலாகச் சாமியறை வாசலுக்குப் போனது. அங்கே சித்திரை வருசப்பிறப்புக்குக் கட்டின தோரணம் காய்ந்து பழுப்பாகித் தொங்கியது. அதைக் கட்டினதும் கீர்த்திகாதான். முன்பள்ளி ரீச்சர் அவள். சின்னப் பிள்ளைகளுக்கு ஓலையில் குருவியும் கிலுக்கட்டியும் மடிக்கப் பழக்குகிறவள்.

சிவக்கொழுந்து எண்ணினாள். நாலு குருவி. நாலும் தலை மேலே.



*

ஜெயரூபன் மாமரத்தடிக்குப் போய் சயந்தனுக்குப் போன் எடுத்தான். நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொன்னான். மேடையில் பொய் சொன்னதையும் சொன்னான். மறுபக்கத்தில் சயந்தன் சிரித்தார்.

“அதிலை ஒண்டுமில்லை, ஜெயரூபன். ஒரு படத்திலை எதுவும் சும்மா இருக்கிறேல்லை. சட்டத்துக்குள்ளை வந்திட்டுதெண்டா அது கதைக்கும். நீங்கள் நினைச்சியளோ இல்லையோ எண்டது வேறை விசயம். பாக்கிற ஆள் அதை என்னண்டு வாசிக்குது எண்டதுதான் முக்கியம்.”

“அதை என்ரை அப்பாட்டைச் சொல்லுங்கோ சேர்.”

“பகிடி விடாதேங்கோ. படத்தை வெளிநாட்டு விழா ஒண்டுக்கு அனுப்பச் சொல்லி நான் எழுதியாச்சு. என்ரை கட்டுரை முழுக்க அந்தத் தோரணத்தைப் பற்றித்தான். இப்ப போய் அது விபத்து எண்டு வெளியிலை சொன்னியள் எண்டா, படத்திலை மிச்சம் என்ன இருக்கு?”

ஜெயரூபன் யோசித்தான். “ஒரு சிவப்புக் குடை இருக்கு சேர்.”

“எந்தக் குடை?” என்றார் சயந்தன்.

போனை வைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. திட்டமிட்டுச் செய்ததை ஒருவரும் காணவில்லை. கண்டதெல்லாம் அவன் செய்யாதது. தெரியாது என்று சொன்னால் படம் போகும். தெரியும் என்று சொன்னால் தங்கச்சியின் கலியாணம் போகும். இதில் எதை விடுவது என்பதில் அவனுக்கு யோசனைக்கே இடமில்லை, தங்கச்சியை அவன் விடமாட்டான்.

*

கீர்த்திகா கிணற்றடித் துவைகல்லில் இருந்து முன்பள்ளிக்கு வேண்டிய கலர்ப் பேப்பரை வெட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வீட்டில் நடந்த எதற்குள்ளும் அவள் வரவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை.

“தங்கச்சி, ஒண்டு கேக்கட்டே?”

“கேளுங்கோ அண்ணை.”

“தோரணத்திலை மூண்டு, நாலு எண்டு கணக்கு இருக்கெண்டு உனக்குத் தெரியுமோ?”

கத்தரிக்கோல் நின்றது. அவள் நிமிராமலே கேட்டாள். “நீங்கள் பின்னேரம் என்ன சொல்லப் போறியள்?”

“எனக்குத் தெரியாது எண்டுதான். உண்மை அதுதானே.”

“உங்களுக்குத் தெரியாது எண்டது உண்மைதான்.”

“அதைச் சொன்னா எல்லாம் சரியாப் போயிடும்.”

“ஆருக்கு?”

“எல்லாருக்கும்தான்.”

கீர்த்திகா வெட்டின பேப்பர்ப் பூவை விரித்துப் பார்த்தாள். “என்னைப் படலைக்கு எத்தினை தரம் நடக்க விட்டனீங்கள், அண்ணை?”

“கனதரம். வெயில் சரியா விழவேணும் எண்டு திருப்பித் திருப்பி எடுத்தது.”

“ஒவ்வொரு தரமும் அந்தத் தோரணத்துக்குக் கீழாலைதான் போனனான். நீங்கள் கமராவுக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்.”

“ஓம்.”

“வெயிலைத்தான் பாத்தனீங்கள்.”

வெயிலுக்குள் நடக்க வைத்ததற்குக் கோபிக்கிறாள் என்று ஜெயரூபன் எடுத்துக்கொண்டான். “சொறி,” என்று மன்னிப்புக் கேட்டான். அவள் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த பேப்பரை எடுத்து மடித்தாள்.

முகத்தைப் பெரிதாகக் காட்டினால் மனம் தெரியும் என்று நண்பர்களுக்கு வகுப்பெடுக்கிறவன் அவன். இவ்வளவு கிட்ட நின்றும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

*

அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. சிவக்கொழுந்து அதை இறக்கி வைத்துவிட்டு, விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கணவனிடம் போனாள்.

“இஞ்சாருங்கோ. உந்தக் கலியாணத்துக்கு எங்கடை பிள்ளை ஓம் எண்டு எப்ப சொன்னவள்?”

“என்ன கேள்வி உது? சொன்னவள்தானே.”

“எப்ப?”

நடராசா கண்ணாடியைக் கழற்றினார். யோசித்தார். “உம்மட்டைச் சொல்லியிருப்பாள். தாயிட்டைத்தானே பெட்டையள் சொல்லுங்கள்.”

“நான் உங்களிட்டைச் சொன்னவள் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கிறன்.”

மாசியில் புத்தூரார் முதல் முதல் வந்த நாள் சிவக்கொழுந்துக்கு நினைவு வந்தது. கீர்த்திகா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். “என்ன பிள்ளை, விருப்பமோ?” என்று யோகமலர் கேட்டாள். கீர்த்திகா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “வெக்கப்படுறாள்” என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். சிவக்கொழுந்தும் சிரித்தாள். அன்று பின்னேரமே சாதகக் கட்டு கைமாறியது.

“அவள் பேசாமல் இருந்தவள்,” என்றார் நடராசா கடைசியில். “பேசாமல் இருந்தா ஓம்தானே. பெட்டையள் வாய் திறந்து சொல்லுவாளவையோ? நீர் என்ன, எனக்கு ஓம் எண்டு சொல்லியே கட்டினனீர்?”

சிவக்கொழுந்திடமும் அந்தக் காலத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் கேட்டிருக்கலாம்.

அவள் சாமியறைக்குப் போய், ஸ்ரூலை இழுத்துப் போட்டு ஏறி, காய்ந்த தோரணத்தைக் கழற்றினாள். இரண்டு ஓலை முறிந்து கையோடு வந்தது. அதைக் குசினிக்குக் கொண்டுபோய் அரிசி வாளிக்குப் பின்னால் சொருகினாள். யோகமலர் கண்ணில் கூர் உள்ளவள். இந்த வீட்டில் நாலு குருவி மடிக்கத் தெரிந்த கை ஒன்று இருக்கிறது என்று கண்டால் அதற்குப் பிறகு எந்தச் சமாதானமும் எடுபடாது.

மகளிடம் போய் நேரே கேட்டிருக்கலாம். கிணற்றடி பத்தடி தூரம்தான். சிவக்கொழுந்துக்குப் பயமாக இருந்தது. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள்.

*

பின்னேரம் புத்தூரார் வந்தார்கள். யோகமலரும் பார்த்தீபனும் மட்டும்தான். படலையில் யோகமலர் ஒரு கணம் நின்று மேலே பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. உள்ளே வந்து விறாந்தையில் உட்கார்ந்தாள். பார்த்தீபன் தாய்க்குப் பக்கத்தில் இருந்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற, கதை குறைவான ஆள் அவன். இன்று அதுவும் இல்லை.

தோட்டம், மழை, வெங்காயம் என்று கொஞ்ச நேரம் போனது. பிறகு யோகமலர் சேலைத் தலைப்பை மடியில் இழுத்து விட்டுக்கொண்டாள்.

“நடராசா அண்ணை, நான் சண்டை பிடிக்க வரேல்லை. அபசகுனம் எண்டா அதுக்குக் கோயிலிலை ஒரு அர்ச்சனையைச் செய்து போட்டுப் போகலாம். பிள்ளைக்கு மனமில்லை எண்டா அதுக்கு எந்தக் கோயிலிலை பரிகாரம் இருக்கு? நாங்கள் குடுத்த சீலையைக் கட்டிக்கொண்டு, செத்தவீட்டுத் தோரணத்துக்குக் கீழாலை எங்கடை மருமோள் தெருவுக்குப் போறா. உலகம் எல்லாம் பாக்குது. அது வேணுமெண்டு செய்தது எண்டு தம்பியும் சொல்லுது. நான் இதை என்னண்டு விளங்கிறது?”

எல்லோரும் ஜெயரூபனைப் பார்த்தார்கள்.

அவன் சுவரோரம் நின்றான். சயந்தனின் சொற்கள் நினைவுக்கு வந்தன. படத்தில் எதுவும் சும்மா இருப்பதில்லை. வெளிநாட்டு விழா. மண்டபத்தின் கைதட்டல்.

“மாமி, எனக்கு அந்தத் தோரணத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது. மேடையிலை அவர் கேட்ட உடனை, தெரியாது எண்டு சொல்ல வெக்கமாய் இருந்தது. அதுதான் ஓம் எண்டிட்டன். பொய்.”

“பொய்யோ?”

“முழுப் பொய். கிணத்துக் கயிறு, விளக்கு, காகம், எல்லாம் தானாய் நடந்தது. நான் ஒண்டுமே யோசிக்கேல்லை.”

யோகமலர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய தோள் தளர்ந்தது. நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள்.

“என்ரை பிள்ளை, அவ்வளவுதானோ? நான் இரவிரவா நித்திரை கொள்ளேல்லை. அப்ப அதை அந்தப் பேஸ்புக்கிலையும் ஒருக்கால் சொல்லிவிடு ராசா. தெரியாமல் நடந்தது எண்டு. சனத்தின்ரை வாயை மூடவேணும் எல்லோ.”

“சொல்லுறன் மாமி,” என்றான் ஜெயரூபன். ஆறு மாதம் பாடுபட்டு எடுத்த படத்தை அந்த ஒரு சொல்லில் தூக்கிக் கொடுத்தான். ஆனாலும் தங்கச்சிக்காகத்தானே என்று நினைத்தபோது மனம் கொஞ்சம் ஆறியது.

நடராசா சத்தமாக மூச்சு விட்டார். “நான் அப்பவே சொன்னனான். உவனுக்குக் கமராவைத் தவிர வேறை ஒரு இழவும் தெரியாது. பெட்டைக்கும் தெரியாது, பாவம். இரண்டும் சேந்து செய்த வேலை. பிள்ளை, தேத்தண்ணி கொண்டு வா.”

பார்த்தீபன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், மாசியில் கீர்த்திகா பார்த்த அதே நிலத்தை.

கீர்த்திகா தட்டோடு வந்தாள். வந்தவளைப் பார்த்ததும் சிவக்கொழுந்து பாதி எழுந்தாள். தட்டில் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவே, அரிசித் தூசு ஒட்டினபடி, காய்ந்த தோரணம் கிடந்தது.

அவள் கோப்பைகளை ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். தோரணத்தை எடுத்து யோகமலருக்கு முன்னால் மேசையில் வைத்தாள்.

“இது நான் வருசப்பிறப்புக்குக் கட்டினது, மாமி. எண்ணிப் பாருங்கோ.”

யோகமலர் எண்ணவில்லை. பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்தது.

“அண்ணைக்குத் தெரியாது,” என்றாள் கீர்த்திகா. “அவர் சொன்னது உண்மை. எனக்குத் தெரியும். அண்டைக்கு நான் மூண்டுதான் மடிச்சனான். தலையைக் கீழை விட்டுத்தான் கட்டினனான். உங்கடை சீலையையும் நான்தான் எடுத்துக் கட்டினனான்.”

“பிள்ளை, பேசாமல் உள்ளை போ,” என்றார் நடராசா.

“பேசாமல்தான் அப்பா இருந்தனான். மாசியிலையிருந்து பேசாமல்தான் இருக்கிறன். நான் பேசாமல் இருந்ததை ஓம் எண்டு வாசிச்சியள். இதை எண்டாலும் நான் சொன்ன மாதிரியே வாசியுங்கோ.”

சிவக்கொழுந்து தன் கையைப் பார்த்தாள். விரல் நகத்துக்குள் ஒரு துண்டு ஓலை இன்னும் இருந்தது. மகள் கேட்கவில்லை, ஒளித்தது ஆர் என்று. அவளுக்கு அது தெரியும் என்று சிவக்கொழுந்துக்கு விளங்கியது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

ஜெயரூபனுக்குத் தலை ஒரேயடியாகக் குழம்பியது. பொய் என்று இப்போதுதான் வாயால் சொன்னான். அந்தப் பொய் உண்மையாகிவிட்டது. படத்தில் சும்மா வந்தது என்று அவன் கைவிட்ட ஒன்றுதான் சும்மா வராதது. தன்னுடைய படம் என்று பரிசு வாங்கினான். அதற்குள்ளே தங்கச்சி தன்னுடையதை எடுத்திருக்கிறாள், அவனுடைய கமராவாலேயே, அவன் கண்ணுக்கு முன்னாலேயே. அவன் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

யோகமலர் மெதுவாகக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினாள். “அப்ப நாங்கள் வாறம், அண்ணை. வா, பார்த்தீபன்.”

பார்த்தீபன் எழும்பவில்லை.

“கொஞ்சம் இருங்கோ அம்மா,” என்றான். வந்ததிலிருந்து அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கீர்த்திகாவை நிமிர்ந்து பார்த்தான். “நான் அந்தப் படத்தைக் கனதரம் பாத்தனான். பிழையாக் கட்டினது எண்டு ஒருநாளும் நினைக்கேல்லை. கேக்கத்தான் வந்தனான். வேண்டாம் எண்டது கலியாணத்தையோ, இல்லாட்டி என்னையோ?”

கீர்த்திகாவின் முகத்தில் ஏதோ மாறியது. கோபமா, ஆறுதலா, பயமா? ஜெயரூபன் உற்று உற்றுப் பார்த்தான். அவனால் வாசிக்க முடியவில்லை. வாயால் சொல்லேன், தங்கச்சி, என்று மனதுக்குள் கெஞ்சினான்.

அவள் சுவரோரம் இருந்த கதிரையை இழுத்து நடுவே போட்டாள். புத்தூரார் வரும் நாட்களில் அவள் இந்த விறாந்தையில் நின்றதைத்தான் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். இன்று உட்கார்ந்தாள்.

“இதை ஒருத்தரும் இவ்வளவு நாளும் என்னட்டைக் கேக்கேல்லை,” என்றாள். “நீங்களும் இருங்கோ மாமி. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ. நான் சொல்லுறன்.”